க்ரீம் சீஸ்: ஒரு கப் என்றால் எத்தனை கிராம்?

அமெரிக்கச் சமையல் குறிப்பில் '2 கப் க்ரீம் சீஸ்' என்று இருக்கும். நாம் வாங்கும் டப்பாவிலோ கிராம் கணக்கு. அவர்களுடைய கப் ஏறக்குறைய 237 மி.லி. வீட்டு டம்ளரில் அளந்தால் கணக்கு உதைக்கும்.

கட்டியான க்ரீம் சீஸ் கப்புக்கு சுமார் 230 கிராம். அங்கே 8 அவுன்ஸ், அதாவது 227 கிராம் கட்டியாக விற்பதால், ஒரு கட்டியை ஒரு கப் என்றே வைத்துக்கொள்கிறார்கள். ஒரு டேபிள்ஸ்பூன் 14, 15 கிராம் வரும். ரிக்கோட்டா கொஞ்சம் கனம். கப்புக்கு 245 முதல் 250 கிராம். காட்டேஜ் சீஸ் 210 முதல் 225.

ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ரொட்டியில் தடவுவதற்கென்று நுரைக்க அடித்து விற்கும் க்ரீம் சீஸில் காற்றுதான் நிறைய. கப்புக்கு சுமார் 160 கிராம்தான் தேறும். சீஸ் கேக்குக்கு அது வேண்டவே வேண்டாம்.

கப்பில் அமுக்கி நிரப்புவதும் நம்பகமில்லை. ஒருமுறை கண்ணாடிக் கப்பைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் நெல்லிக்காய் அளவுக்குக் காற்றுக்குழி! வழித்தெடுத்த பிறகும் சுவரில் ஒரு ஸ்பூன் ஒட்டியிருந்தது. தராசில் கிண்ணத்தை வைத்துப் பூஜ்யமாக்கி, சீஸை நேராக அதில் போடுங்கள். ரிக்கோட்டாவை வடிகட்டச் சொல்லியிருந்தால், அளந்து வடிப்பதா, வடித்து அளப்பதா என்று குறிப்பை இன்னொரு முறை படியுங்கள்.

ஆஸ்திரேலியக் குறிப்பென்றால் கப் 250 மி.லி.; க்ரீம் சீஸுக்கு, கப்புக்கு 12 கிராம் கூட்டிக்கொள்ளுங்கள்.