கடைக் கம்ப்யூட்டருக்கு அசல் விண்டோஸ்: எங்கே எடுப்பது, எப்படிச் சரிபார்ப்பது?



கொள்முதல் சரக்கு வந்து இறங்கினால் மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் நாம் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. துவரம் பருப்பில் கேசரிப் பருப்பு கலந்திருக்கிறதா, மிளகில் பப்பாளி விதை இருக்கிறதா என்று கையில் அள்ளிப் பார்த்த பிறகுதான் இறக்கச் சொல்கிறோம். ஆனால் கடையின் கணக்கு முழுவதையும் சுமக்கிற கம்ப்யூட்டருக்குள் என்ன இறங்குகிறது என்பதை மட்டும் பார்ப்பதில்லை. ரிப்பேருக்கு வரும் பையன் ஒரு பென் டிரைவைச் செருகுகிறான். ஒரு மணி நேரத்தில் "புது விண்டோஸ் போட்டாச்சு அண்ணாச்சி" என்கிறான். ஐந்நூறோ ஆயிரமோ கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அந்தப் பென் டிரைவில் இருந்தது எங்கிருந்து வந்தது என்று கேட்பவர் மிகச் சிலரே.

இந்தக் கேள்வி இப்போது அவசரமாகியிருக்கிறது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமாகத் தந்துவந்த பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. வீட்டு உபயோகக் கம்ப்யூட்டர்களைப் பதிவு செய்துகொள்வோருக்கு 2026 அக்டோபர் 13 வரையிலும், நிறுவனங்களுக்குக் கட்டணத்தின் பேரில் மூன்றாண்டு வரையிலும் நீட்டிப்பு அறிவிக்கப்பட்டது. விண்டோஸ் 7-இன் காலம் 2020 ஜனவரி 14-லேயே முடிந்துவிட்டது. காலம் முடிந்தது என்றால் கம்ப்யூட்டர் நின்றுவிடும் என்று பொருளில்லை. மறுநாளும் பில் போடும், பிரிண்டர் ஓடும். ஆனால் அன்று முதல் பூட்டில் ஓட்டை தெரிந்தால் அடைத்துக் கொடுக்க ஆளில்லை. ஆகவே திருவள்ளூர், திருவாலங்காடு, கும்மிடிப்பூண்டி வட்டாரத்துக் கடைகளில் பல கம்ப்யூட்டர்களுக்கு இயங்குதளத்தைப் புதிதாகப் போட வேண்டிய நேரம் வந்திருக்கிறது. ஆபரேட்டிங் சிஸ்டம் என்று ஆங்கிலத்தில் சொல்லப்படும், கம்ப்யூட்டரை ஓட்டும் அடிப்படை மென்பொருளைத்தான் இயங்குதளம் என்கிறோம்.

படிவம் வேறு, உரிமம் வேறு

நம்மில் பலருக்கு இருக்கும் குழப்பம் இதுதான்: அசல் விண்டோஸ் என்றால் பெரிய தொகை கொடுத்தால்தான் கிடைக்கும், அதனால்தான் யாரோ ஒருவரிடம் காப்பி வாங்குகிறோம் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. விண்டோஸை நிறுவும் கோப்பை மைக்ரோசாஃப்ட் நிறுவனமே தன் இணையதளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பணம் கொடுத்து வாங்க வேண்டியது உரிமம் மட்டும்தான். உணவுப் பாதுகாப்பு உரிமத்துக்கான விண்ணப்பப் படிவம் யார் கேட்டாலும் கிடைக்கும். உரிமம்தான் நம் பெயருக்கு வருகிறது. அதே கதைதான் இது.

உரிமம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கவும் கூடும். சுமார் 2012-க்குப் பிறகு விண்டோஸோடு விற்கப்பட்ட பெரிய நிறுவனக் கம்ப்யூட்டர்களில் உரிமச் சாவி இயந்திரத்தின் உள்ளேயே பதிக்கப்பட்டிருக்கும். அதே வகை விண்டோஸைத் திரும்பப் போட்டு இணையத்தில் இணைத்தால், தானே சாவியை எடுத்துக்கொள்ளும். அசல் விண்டோஸ் 10 உள்ள, தகுதியான கம்ப்யூட்டருக்கு விண்டோஸ் 11 இலவசம். உதிரி பாகங்கள் வாங்கிச் சேர்த்த கம்ப்யூட்டர் என்றால்தான் உரிமத்தைத் தனியாக வாங்கியிருக்க வேண்டும். ரிச்சித் தெருவிலோ வேறெங்கோ புதிதாகச் சேர்க்கச் சொல்லும்போது, பில்லில் விண்டோஸ் உரிமம் தனி வரியாக வந்திருக்கிறதா என்று பாருங்கள். வரியில்லை என்றால் உரிமமும் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். திருட்டு மென்பொருள் என்று தெரிந்தே பயன்படுத்தினால், 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 63-பி பிரிவின்படி 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. லாபத்துக்கோ வியாபாரத்துக்கோ அல்லாத பயன்பாட்டில் நீதிமன்றம் சிறையைத் தவிர்க்க வழியிருக்கிறது. கடைக்கு அந்தச் சலுகை பொருந்தாது.

முகவரியைப் படிக்கும் முறை

தேடுபொறியில் 'விண்டோஸ் டவுன்லோட்' என்று அடித்தால் முதலில் வருவது அசலாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. மேலே 'ஸ்பான்சர்ட்' என்று சிறிய எழுத்தில் இருந்தால் அது காசு கொடுத்துப் பிடித்த இடம். கடைத்தெருவில் முதல் கடை என்பதாலேயே அது நல்ல கடை ஆகிவிடுமா?

தேடாமல் முகவரியை நேரே அடிப்பதே நல்லது. மைக்ரோசாஃப்ட் டாட் காம். பிறகு ஒரு சாய்கோடு. பிறகு சாஃப்ட்வேர், சிறு கோடு, டவுன்லோட். அவ்வளவுதான். முகவரியில் முதல் சாய்கோட்டுக்கு முன்னால், 'டாட் காம்' என்பதை ஒட்டி இடப்பக்கம் இருக்கும் பெயர்தான் வீட்டுச் சொந்தக்காரரின் பெயர். அங்கே 'மைக்ரோசாஃப்ட்' மட்டும் இருக்க வேண்டும். அதோடு சிறு கோடு போட்டு 'ஃப்ரீ' என்றோ 'விண்டோஸ்' என்றோ ஒட்டியிருந்தால் அது வேறு ஆளின் வீடு. முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருக்கிறதே என்று சிலர் நம்பிவிடுகிறார்கள். அந்தப் பூட்டு, வழியில் யாரும் ஒட்டுக் கேட்கவில்லை என்பதற்கு மட்டுமே சாட்சி. திருடன் வீட்டுக்கும் பூட்டு உண்டு.

பழையனூர் நீலி கதை நம் பக்கத்தில் தெரியாதவர் இல்லை. கைக்குழந்தையோடு பின்தொடர்ந்து வருபவள் தன் மனைவி அல்ல, பேய் என்று வணிகன் ஒருவன் சபையில் முறையிட்டான். எழுபது வேளாளர்களும் அவள் தோற்றத்தையும் கண்ணீரையும் நம்பி, உனக்கு ஏதேனும் நேர்ந்தால் எங்கள் உயிரைத் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். விடிந்தபோது வணிகன் பிணமாகக் கிடந்தான். எழுபது பேரும் சொன்ன சொல் காத்துத் தீயில் இறங்கினார்கள். அவர்களின் நேர்மையில் குறையில்லை. தோற்றத்தைத் தவிர வேறெதையும் சோதித்துப் பார்க்கவில்லை என்பதே குறை. போலி இணையப் பக்கமும் அப்படித்தான் வரும். அதே நீல நிறம், அதே சின்னம், அதே எழுத்து.

கலப்படம் நடந்த கதைகள்

2012 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஒரு விசாரணையின் முடிவை வெளியிட்டது. அதன் ஆட்கள் சீனாவின் சில நகரங்களில் சாதாரண வாடிக்கையாளர் போலக் கடைகளுக்குப் போய் 20 கம்ப்யூட்டர்களை வாங்கிப் பார்த்தார்கள். அவற்றில் நான்கில், பெட்டியைத் திறக்கும் முன்பே நச்சு நிரல் இருந்தது. தொழிற்சாலைக்கும் கடைக்கும் இடையே யாரோ ஒருவர் போட்ட போலி விண்டோஸோடு வந்த கலப்படம் அது. சரக்கு கைமாறும் இடத்தில்தான் கலப்படம் நடக்கும் என்று நம் தொழிலில் சொல்வோமே, அதேதான்.

2023 ஜூனில் டாக்டர் வெப் என்ற ரஷ்யப் பாதுகாப்பு நிறுவனம் இன்னொன்றைச் சொன்னது. இணையத்தில் பரவியிருந்த சில திருட்டு விண்டோஸ் 10 கோப்புகளில், கம்ப்யூட்டர் எழும்பும்போது படிக்கும் சிறு பகுதிக்குள் ஒரு நிரல் ஒளிந்திருந்தது. வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் சாதாரணமாக எட்டிப் பார்க்காத மூலை அது. கிரிப்டோ பணம் அனுப்புகிறவர் பெறுபவரின் கணக்கு முகவரியை நகலெடுத்து ஒட்டும்போது, அந்த முகவரியை எடுத்துவிட்டுத் திருடனின் முகவரியை அது வைத்துவிடும். நமக்கு கிரிப்டோ பணத்தோடு சம்பந்தமில்லாமல் இருக்கலாம். ஆனால் மொத்த வியாபாரிக்குப் பணம் அனுப்பக் கணக்கு எண்ணை நகலெடுத்து ஒட்டுவது அன்றாட வேலை. அதே தந்திரம் அங்கேயும் செல்லும்.

சாவி இல்லாமலே 'ஆக்டிவேட்' செய்து தரும் கருவிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவற்றைப் போடும் முன் வைரஸ் தடுப்பை அணைக்கச் சொல்வார்கள். காவல்காரனை வெளியே அனுப்பிவிட்டுச் செய்கிற வேலை எப்படிப்பட்டது என்று நாமே ஊகிக்கலாம். பிறகு விண்டோஸ் அப்டேட்டையும் நிறுத்திவிடுவார்கள். 2017 மே 12-ஆம் தேதி 'வான்னாக்ரை' என்ற நச்சு நிரல் 150 நாடுகளுக்கு மேல் பரவி, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. பக்கத்துச் சித்தூர் மாவட்டம் உள்பட ஆந்திரக் காவல்துறையின் சில கம்ப்யூட்டர்களும் சிக்கியதாக அப்போது செய்தி வந்தது. அந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே, திருத்தம் கொடுத்திருந்தது. அப்டேட்டை ஏற்றிக்கொண்ட கம்ப்யூட்டர்கள் தப்பின.

செப்பேட்டு வளையம்

சரியான இடத்தில் எடுத்தாயிற்று. வந்து சேர்ந்தது அதே கோப்புதானா என்று அறிவது எப்படி?

1905-இல் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடுகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பழையனூர் ஊரைத் திருவாலங்காட்டு இறைவனுக்குக் கொடுத்த ராஜேந்திர சோழனின் ஆணை, 31 ஏடுகளில் எழுதப்பட்டது. ஏடுகளைத் துளையிட்டு ஒரே வளையத்தில் கோத்து, வளையத்தில் சோழ முத்திரையை வைத்திருக்கிறார்கள். நடுவில் ஓர் ஏட்டை உருவவோ செருகவோ வேண்டுமென்றால் வளையத்தை அறுத்தாக வேண்டும், அறுத்தால் தெரிந்துவிடும்.

கோப்புக்கும் அப்படி ஒரு வளையம் உண்டு. 'ஹேஷ்' என்பார்கள். கோப்பின் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை கணக்குப் போட்டு 64 எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு வரி வரும். பேரேட்டின் கூட்டுத்தொகை போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பேரேட்டில் ஓரிடத்துப் பிழையை இன்னோரிடத்துப் பிழை சரிக்கட்டி மறைத்துவிடலாம், இதில் முடியாது. ஐந்தாறு ஜி.பி. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் வரி முழுதும் வேறாகிவிடும். விண்டோஸ் 11-இன் ஐ.எஸ்.ஓ. கோப்பை இறக்கும் அதே பக்கத்தில் மைக்ரோசாஃப்ட் இந்த வரியை வெளியிடுகிறது. நம்மிடம் வந்த கோப்புக்கு விண்டோஸிலேயே உள்ள 'செர்ட்யூட்டில்' என்ற கட்டளையால் அதைக் கணக்கிட்டு, இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். கல்லூரிக்குப் போகும் பிள்ளை வீட்டில் இருந்தால் இரண்டு நிமிட வேலை.

அவ்வளவு சிரமம் வேண்டாம் என்பவர்கள் அதே பக்கத்தில் உள்ள 'மீடியா கிரியேஷன் டூல்' என்ற சிறு நிரலை எடுக்கலாம். குறைந்தது 8 ஜி.பி. அளவுள்ள பென் டிரைவைச் செருகினால், அதுவே விண்டோஸை இறக்கி பென் டிரைவைத் தயாராக்கிவிடும். பென் டிரைவில் பழையது எது இருந்தாலும் அழிந்துவிடும், கவனம். இந்த நிரலின் மேல் வலது பொத்தானை அழுத்தி, 'பிராப்பர்ட்டீஸ்', 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்' என்று போனால் மைக்ரோசாஃப்ட் கார்ப்பரேஷன் என்ற கையெழுத்து இருக்க வேண்டும்.

அசல் தளமே ஏமாற்றப்பட்ட நாளும் உண்டு. 2016 பிப்ரவரி 20 அன்று 'லினக்ஸ் மின்ட்' என்ற இலவச இயங்குதளத்தின் இணையதளத்துக்குள் புகுந்தவர்கள், இறக்கும் சுட்டியைக் கெடுத்த கோப்பின் பக்கம் திருப்பிவிட்டார்கள். அதன் பொறுப்பாளர்களே விஷயத்தை வெளியே சொல்லி, தளத்தை மூடிச் சரிசெய்தார்கள். கையிலிருந்த கோப்பு கெட்டதா நல்லதா என்று மக்கள் கண்டறிந்தது இந்த ஹேஷ் வரியை வைத்துத்தான்.

பழைய கம்ப்யூட்டர் என்றால்

விண்டோஸ் 11-க்கு 4 ஜி.பி. ராம், 64 ஜி.பி. இடம், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு ஆகியவை வேண்டும். மைக்ரோசாஃப்டின் 'பி.சி. ஹெல்த் செக்' நிரல் தகுதி உண்டா இல்லையா என்று சொல்லிவிடும். தகுதியில்லாததிலும் குறுக்கு வழியில் போட்டுத் தருகிறோம் என்பார்கள். போடலாம், ஆனால் அப்படிப்பட்ட கம்ப்யூட்டருக்குத் திருத்தங்கள் வருமென்று மைக்ரோசாஃப்ட் உறுதி சொல்வதில்லை. திருத்தம் வேண்டித்தானே இவ்வளவும்?

சென்னையிலேயே உருவான மாற்று ஒன்று இருக்கிறது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட 'பாஸ் லினக்ஸ்'. தமிழிலும் இயங்கும், கட்டணம் இல்லை. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு இதையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஜி.எஸ்.டி. தளம், மின்னஞ்சல், கடிதம், விலைப்பட்டியல் என்று மட்டும் வேலையுள்ள கடைக்கு இது போதும். டாலி ஓட்டுகிறவர்களுக்கு இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். டாலி விண்டோஸுக்கென்று எழுதப்பட்டது. எடை மெஷினோடும் பில் பிரிண்டரோடும் இணைத்திருப்பவர்கள், அவை லினக்ஸில் ஓடுமா என்று விற்றவரைக் கேட்ட பிறகே தொடுங்கள்.

போடும் நாளில்

எந்த இயங்குதளம் ஆனாலும் முதலில் கணக்கு முழுவதையும் இரண்டு இடங்களில் நகலெடுத்து, ஒன்றை வேறு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். திறக்காத நகல், நகலே அல்ல. டாலி உரிமத்தை அழிக்கும் முன் 'சரண்டர்' செய்துவிட்டால் பிறகு திரும்பப் பெறுவது எளிது. வாடிக்கையாளர் பட்டியலைப் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்து வைத்திருக்கும் கடைகள் அந்த எழுத்துருக்களையும் நகலெடுக்க வேண்டும்; இல்லையென்றால் பட்டியல் இருக்கும், படிக்க முடியாது. பிரிண்டரின் டிரைவரையும் அதைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே எடுங்கள்.

விண்டோஸ் 11 போடும்போது ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்கும். அவசரத்துக்குப் போடவந்தவர் தன் கணக்கைக் கொடுக்கக் கூடும். அதற்கு இடம் கொடாதீர்கள். புதிய பதிப்புகளில் கம்ப்யூட்டரின் தட்டு தானாகவே பூட்டப்பட்டு, அதைத் திறக்கும் 48 இலக்க எண் அந்தக் கணக்கில் போய்ச் சேரும். என்றாவது கம்ப்யூட்டர் அந்த எண்ணைக் கேட்டால், அது அவரிடம் இருக்கும், நம்மிடம் இருக்காது. கடைக்காரர் தம் பெயரில் கணக்குத் தொடங்கி, அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி, பத்திரம் வைக்கும் பெட்டியில் வைத்துவிடட்டும். தயாரித்த பென் டிரைவையும் தேதி எழுதி அதே பெட்டியில் வைக்கலாம்.