இல்லத்துக் கூடும் இல்லறத்தார் கடமையும்

ஐம்பொறி உயிர்களைப் பற்றிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும்போது யானையையும் குதிரையையும் எடுத்துக்காட்டுகிறோம். தாழ்வாரத்து உத்தரத்தின் இடுக்கில் வைக்கோலைச் செருகும் சிட்டுக்குருவியும் ஐம்பொறி உயிரே. முட்டையில் தோன்றும் உயிர்களைக் கருப்பிறப்பின் ஒரு வகையாக நம் நூல்கள் வகுத்துள்ளன. எனவே, நம் வீட்டில் கூடு கட்டும் பறவையை எவ்வாறு காப்பது என்பதும் நாம் கற்க வேண்டிய பாடமே. அப்பாடத்தை நான் ஒரு பிழையின் வாயிலாகவே கற்றேன்.

நான் செய்த பிழை

ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிது. தஞ்சைக் கரந்தையில் நாங்கள் குடியிருந்த ஓட்டு வீட்டின் முற்றத்தில் ஒரு மைனாக் குஞ்சு கிடந்தது. இறகு முளைத்திருந்தது, பறக்கத் தெரியவில்லை. அதைக் கூடையில் வைத்து, பசும்பாலைப் பஞ்சில் தோய்த்து வாயில் விட்டேன். கூரைமேல் இரண்டு மைனாக்கள் இடைவிடாது கத்தின. அவை குஞ்சைக் கொத்த வந்தவை என்று எண்ணிக் கதவைச் சாத்தினேன். மறுநாள் காலையில் குஞ்சு இறந்துகிடந்தது. “அதன் ஆயுள் அவ்வளவுதான், வருந்தாதே அம்மா” என்று என் மாமியார் தேற்றினார்.

உண்மை பின்னரே விளங்கிற்று. கத்தியவை அதன் தாயும் தந்தையுமே. கூட்டை விட்டிறங்கிய குஞ்சு சில நாள் தரையிலும் புதரிலும் தத்தித் திரிவது இயல்பு. அப்போதும் பெற்றவை உணவூட்டும். பால் பறவைக்குச் செரிக்காது. வாயில் விடும் திரவம் மூச்சுக் குழலுக்குள் சென்று உயிரைப் போக்கிவிடவும் கூடும். இரக்கம் என்னிடம் இருந்தது, அறிவு இல்லை. மும்மணிகளில் நல்லொழுக்கத்துக்கு முன்னே நல்ஞானம் வைக்கப்பட்டிருப்பதன் பொருளை அன்று உணர்ந்தேன்.

ஒரு மாதக் கணக்கு

சிட்டுக்குருவி பெரும்பாலும் 3 முதல் 5 முட்டைகள் இடும். 11 முதல் 14 நாள்களில் குஞ்சு பொரிக்கும். கண் திறவாத, இறகற்ற குஞ்சுகள் ஏறத்தாழ 15 நாள்களில் கூட்டை விட்டு வெளியேறும். ஆணும் பெண்ணும் மாறிமாறி இரை கொணரும். திரும்பும்போது அலகில் வெண்ணிறப் பை போன்ற ஒன்றை எடுத்துச் செல்வதைக் காணலாம். அது குஞ்சுகளின் எச்சம். கூட்டைத் தூய்மையாக வைத்திருக்க அவை செய்யும் ஏற்பாடு அது. முதல் முட்டை முதல் கடைசிக் குஞ்சு பறக்கும் வரை ஏறத்தாழ ஒரு மாதம். குப்பை விழுகிறதென்று கூட்டைக் கலைக்க நினைப்போர், அந்த ஒரு மாதம் பொறுத்தால் போதும்.

பேரனின் வினா

“பாட்டி, குருவி தானியந்தானே தின்னும்? குஞ்சுக்கு மட்டும் புழுவைக் கொன்று கொடுக்கிறதே, அது பாவமில்லையா?” என்று என் பேரன் வினவினான். நல்ல வினா. வளரும் குஞ்சுக்குப் புரதம் வேண்டும். அதனால் தானியம் உண்ணும் சிட்டும் குஞ்சுக்குப் பூச்சி, புழுக்களையே மிகுதியாக ஊட்டுகிறது. வினைப்பயன் எவ்வுயிர்க்கும் உண்டு. ஆயினும் விரதம் ஏற்று ஒழுகும் வாய்ப்பு மனிதப் பிறவிக்கே சிறப்பாக அமைந்தது. குருவியின் இரையை நாம் தடுக்க வேண்டா. நாம் புழு பிடித்துக் கொடுக்கவும் இயலாது. ஆகவே, குஞ்சை வளர்க்கத் தக்கவை அதன் பெற்றோரே. குஞ்சை அவற்றிடம் சேர்ப்பதே நம்மால் இயன்ற தயை.

வயலிலும் இதுவே

நம்மவருள் நிலமுடையோர் பலர். மழைக்காலத்தில் கிணற்றோரத்துத் தென்னையிலும் ஈச்சையிலும் தூக்கணாங்குருவி கூடு பின்னும். ஆண் குருவி நெல்தாளையும் தென்னங்கீற்றையும் நாராகக் கிழித்து நூற்றுக்கணக்கான முறை பறந்து வந்து பின்னுகிறது. பாதி முடிந்த கூட்டைப் பெண் வந்து பார்த்து ஏற்ற பின்னரே எஞ்சிய பகுதி நிறைவுறும். பாதிக் கூட்டை வீணானது என்று அறுத்தல் தகாது. பறவை நீங்கிய பழங்கூட்டிலும் சில்லைகள் குடியேறுவதுண்டு; அழகுக்காக அதை வீட்டில் தொங்கவிட வேண்டா. குறுவையிலும் சம்பாவிலும் தேவைக்கு மிஞ்சித் தெளிக்கும் பூச்சிமருந்து எண்ணற்ற சிற்றுயிர்களைக் கொல்வதோடு, கூட்டில் வாய் திறந்து காத்திருக்கும் குஞ்சுகளையும் பட்டினி போடுகிறது.

இல்லத்தார் கடைப்பிடிக்க வேண்டியவை

1. கூடு ஆகாத இடமாயின் முட்டையிடும் முன்பே துளையை அடைத்துவிடுக. முட்டையிட்ட பின் கைவைக்கலாகாது.
2. குருவி நுழையும் அறையில் மின்விசிறியை நிறுத்தி வைக்க.
3. இறகு முளையாத குஞ்சு விழுந்தால் மெல்ல எடுத்துக் கூட்டிலேயே வைக்க. மனிதர் தொட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது தவறான நம்பிக்கை.
4. இறகு முளைத்த குஞ்சாயின் பூனைக்கு எட்டாத செடியில் விட்டு விலகி நிற்க. காயம் இருந்தால் கால்நடை மருத்துவரிடமோ வனத்துறையிடமோ சேர்க்க.
5. இடுக்கற்ற புது வீடுகளில் நிழலான சுவரில், ஏறத்தாழ 3 செ.மீ. துளையுள்ள மரப்பெட்டி ஒன்றைப் பொருத்தலாம்.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாக்கப்பட்ட பறவைகளின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதையும் ‘வேட்டை’ என்றே வரையறுக்கிறது. சட்டம் சொல்லித்தான் அறிய வேண்டியவர்களா நாம்?

2020-ஆம் ஆண்டில் சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில், தெருவிளக்குகளின் மின்விசைப் பெட்டிக்குள் ஒரு சிறு பறவை முட்டையிட்டது. ஊரார் கூடிப் பேசி, குஞ்சுகள் பறக்கும் வரை ஒரு மாதத்துக்கும் மேலாக விளக்கெரிக்காமல் இருளிலேயே நடந்தனர். அவ்வூரார் கூட்டைத் தொடவில்லை, இரையூட்டவும் முனையவில்லை. விலகி நின்றனர், குஞ்சுகள் பிழைத்தன.

பிள்ளைகளுக்குப் பயிற்சி

ஒரு குறிப்பேட்டில் நாள், பறவையின் பெயர், கூடு உள்ள இடம், ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை இரை வந்தது, குஞ்சு வெளியேறிய நாள் ஆகியவற்றை எழுதுக. பத்தடி தள்ளி நின்றே நோக்குக. அடுத்த ஆண்டு அதே இடத்தில் மீண்டும் கூடு அமைந்தால், சென்ற ஆண்டுக் குறிப்போடு ஒப்பிடுக.

அன்று நான் கதவைத் திறந்து வைத்து, சற்றுத் தள்ளி அமர்ந்திருந்தால் அக்குஞ்சு பிழைத்திருக்கக்கூடும். இதைப் படிக்கும் தாய்மார்கள் அந்தப் பிழையைச் செய்யாதிருப்பார்களாக.