கண்ணாடிக்குள் மூடுபனி

"குமுளிக்குப் போய் வந்தோம், வாட்ச் கண்ணாடிக்குள் ஆவி கட்டிவிட்டது." மழைக்காலம் வந்தால் போடிநாயக்கனூர் கடிகாரக் கடைகளில் அடிக்கடி கேட்கும் புகார் இது. தேக்கடிப் படகில் கை நனையவே இல்லை என்றும் சொல்வார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். நனையாத கடிகாரத்திலும் ஆவி கட்டும்.

கடிகாரக் கூட்டுக்குள் கொஞ்சம் காற்று எப்போதும் உண்டு. போடி வெயிலில் சூடேறிய கடிகாரம் 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, ஏறக்குறைய 1000 மீட்டர் கூடுதல் உயரத்தில் இருக்கும் போடிமெட்டின் குளிர்காற்றைச் சந்திக்கிறது. முதலில் குளிர்வது கண்ணாடி. உள்காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அங்கேதான் படியும்.

அந்த ஈரம் நுழைந்த வழி பெரும்பாலும் கேஸ்கெட் (பின்மூடியிலும் குமிழிலும் இருக்கும் ரப்பர் வளையம்). ஆண்டுகள் போகப் போக அது இறுகும். செல் மாற்றும்போது நைந்த வளையத்தையே திரும்ப வைத்து மூடுவது நம் ஊர் வழக்கம். பாதிக் கேடு அதில்தான். விடுதியில் கடிகாரத்தோடு வெந்நீரில் குளிப்பதும், ஏலத்தோட்டத்தில் மருந்தடிக்கும்போது கட்டியிருப்பதும் வளையத்தைக் கெடுக்கும். பின்புறம் '30 மீட்டர்' என்று பொறித்திருக்கிறதே என்பீர்கள். அது புதுக் கடிகாரம் சோதனையில் தாங்கிய அழுத்தம். கை கழுவும்போது தெறிக்கும் நீருக்கு அது போதும், குளிப்பதற்குப் போதாது.

மெல்லிய படலம் சில நிமிடங்களில் மறைந்து, மீண்டும் வரவில்லை என்றால் கவனித்திருந்தால் போதும். ஒவ்வொரு முறை மலையேறும்போதும் வந்தால் வளையம் போய்விட்டது என்று பொருள். நீர்த்துளி தெரிந்தாலோ, முள்ளில் பழுப்புப் புள்ளி விழுந்தாலோ காத்திருக்கக் கூடாது. ஓரிரு நாளில் கடைக்குக் கொண்டு போங்கள். குவார்ட்ஸ் (செல்லில் ஓடும்) கடிகாரத்தில் விநாடி முள் நான்கு நான்காகத் தாவினால் ஈரத்தைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. பல கடிகாரங்களில் செல் தீரப்போவதைச் சொல்லும் குறி அது.

கடைக்குப் போகும்வரை குமிழை இழுக்காதீர்கள், திருகாதீர்கள். அரிசிக்குள் புதைப்பதால் பயனில்லை. மூடிய கூட்டுக்குள்ளிருக்கும் ஈரத்தை அரிசி எப்படி உறிஞ்சும்? வெயிலில் வைத்தால் முகப்பின் நிறம் மங்கும், ரப்பர் இன்னும் இறுகும். மலையில் ஒரு தனி வைத்தியம் உண்டு: ஏலக்காய் ஸ்டோரின் (காய் உலர்த்தும் சூட்டறை) மூலையில் கடிகாரத்தை ஓர் இரவு வைப்பது. ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக்காய் ஒரு கிலோவாக வற்றும் அறை அது. வற்றிய நீரெல்லாம் அந்தக் காற்றில்தான் இருக்கிறது!

கடையில் பின்மூடியைத் திறந்து, செல்லை எடுத்துவிட்டு, இயந்திரத்தை உலர்த்தித் துடைக்க வேண்டும். புது வளையத்துக்குச் சிலிகான் கிரீஸ் தடவி மூடிய பிறகு அழுத்தச் சோதனை (நீர் புகுமா என்று கருவியில் பார்ப்பது) செய்யச் சொல்லிக் கேளுங்கள். அந்தக் கருவி இல்லாத கடையில் வேலை முடிந்தாலும், தண்ணீருக்குத் தள்ளியே வைத்திருங்கள். உத்தரவாதக் காலம் முடியாத கடிகாரத்தை வெளியே திறக்கக் கொடுக்காதீர்கள். ஓசூரில் ஆலை வைத்திருக்கும் டைட்டனானாலும் வேறு நிறுவனமானாலும் அங்கீகரித்த சேவை மையமே சரி. விலையை நம்பியும் பயனில்லை. ஒமேகாவின் தலைமையகம் இருக்கும் சுவிட்சர்லாந்தின் பீல் நகரமும் குமுளியைப் போல ஏரிப் பக்கத்தில் இரு மொழி புழங்கும் ஊர்தான்; அங்கிருந்து வரும் கடிகாரத்துக்கும் ரப்பர் வளையத்தை அவ்வப்போது மாற்றத்தான் வேண்டும்.

அப்பா காலத்துச் சாவி கொடுக்கும் கடிகாரங்கள் பலவற்றில் இந்த வளையமே கிடையாது. அவற்றை மலைக்குக் கொண்டு போகாமல் வீட்டில் விட்டுச் செல்லுங்கள்.