மார்பக அடர்த்தியும் குடும்பப் பரம்பரையும்

1977, 1983 வன்செயல்களின்போது மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன குடும்பங்கள் பல. பாட்டி ஓரிடம், அத்தை ஓரிடம் எனச் சொந்தங்கள் சிதறின. யாருக்கு என்ன நோய் வந்தது என்பதே பிள்ளைகளுக்குத் தெரியாமல் போனது. பலாபத்வலையில் மீளக்குடியேறும் பெண்கள் அந்த விபரத்தைக் கேட்டறிவது ஏன் முக்கியம் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

அடர்த்தி என்றால் என்ன?

மார்பகத்தில் பால் சுரப்பி இழையமும் நார் இழையமும் கொழுப்பும் உள்ளன. கொழுப்புக் குறைந்து மற்றவை கூடியிருந்தால் அது அடர்ந்த மார்பகம். இது நோயல்ல. தொட்டுப் பார்த்து அறியவும் முடியாது. மெமோகிராம் எனும் எக்ஸ்ரே படத்தில்தான் தெரியும்.

அது ஏன் முக்கியம்?

படத்தில் அடர்ந்த இழையம் வெள்ளையாகத் தெரியும். கட்டியும் வெள்ளையாகவே தெரியும். அதனால் சிறு கட்டி மறைந்துவிடலாம். அப்போது வைத்தியர் ஸ்கேன் பரிசோதனையும் செய்யச் சொல்லலாம். அடர்த்தி மிகக் கூடியவர்களுக்குப் புற்றுநோய் ஆபத்தும் ஓரளவு கூடுகிறது.

பரம்பரையின் பங்கு

அவுஸ்திரேலியாவிலும் வட அமெரிக்காவிலும் இரட்டைச் சகோதரிகளிடம் நடந்த ஆய்வு 2002இல் வெளியானது. ஒரே பரம்பரை அலகுகளைக் கொண்ட இரட்டையரின் அடர்த்தி, மற்ற இரட்டையரைவிட நெருக்கமாக ஒத்திருந்தது. பெண்களிடையே காணப்படும் அடர்த்தி வேறுபாட்டில் ஏறக்குறைய 60 வீதம் பரம்பரையால் வருகிறது என்று அது காட்டியது. வயது, பிள்ளைப்பேறு, உடல் எடை, மாதவிடாய் நிற்றல் ஆகியவையும் அடர்த்தியை மாற்றும்.

அடர்த்தி வேறு, புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் சில பரம்பரை அலகு மாற்றங்கள் வேறு. இம்மாற்றங்கள் தந்தை வழியிலும் வரலாம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் மார்பக அல்லது சூலகப் புற்றுநோய் யாருக்கு, எந்த வயதில் வந்தது என்று கேட்டு எழுதி வையுங்கள். தூரத்து உறவினரிடம் தொலைபேசியில் கேளுங்கள்.
• உங்கள் பகுதிக் குடும்ப சுகாதார உத்தியோகத்தரிடம் பதிவு செய்யுங்கள். சுகவனிதையர் கிளினிக் நடைபெறும் நாளை அவர் சொல்வார்.
• மாதம் ஒருமுறை, மாதவிடாய் முடிந்த சில நாட்களில் மார்பகங்களைச் சுயபரிசோதனை செய்யுங்கள்.
• கட்டி, தோல் சுருக்கம், காம்பு உள்வாங்குதல், காம்பிலிருந்து இரத்தம் கசிதல் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் வலி வரும்வரை காத்திராமல் உடனே அரச வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். அங்கு சிகிச்சை இலவசம்.

எழுதிய தாளைக் கிளினிக் கொப்பியோடு பத்திரப்படுத்துங்கள். நாளை உங்கள் மகளுக்கும் அது உதவும்.