வெளி வீதி வரை பஸ், உள்ளே நடை

மதுரைக்கு வரும் சொந்தக்காரர்கள் ரயிலை விட்டு இறங்கியதும் எனக்குப் போன் போட்டுக் கேட்பது ஒன்றுதான்: "கோயிலுக்கு ஆட்டோவுக்கு எவ்வளவு குடுக்கலாம்?" என் பதிலும் மாறியதில்லை. "ஒண்ணும் குடுக்க வேண்டாம். ஸ்டேஷன் வாசல்ல ரோட்டைத் தாண்டி, டவுன்ஹால் ரோட்டுல நேரா நடங்க. மேலக் கோபுரம் வந்துரும்." சுமார் ஒரு கிலோமீட்டர்தான். ஆட்டோ பிடித்தவர்கள் ஒருவழிப் பாதைகளில் சுற்றிவிட்டுக் கடைசியில் எப்படியும் நடக்கிறார்கள். மீனாட்சியம்மன் கோயிலை ஒட்டிய சித்திரை வீதிகளுக்குள் வண்டிகளை விடுவதில்லை.

இந்த ஊருக்குப் புதிதாக வருகிறவர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய கணக்கு இதுதான்: வெளி வீதி வரைக்கும் பஸ், அதற்கு உள்ளே கால்.

தெருப் பெயரே வழிகாட்டி

பழைய மதுரை கோயிலை நடுவில் வைத்து, சதுரத்துக்கு மேல் சதுரமாக விரிந்த ஊர். கோயில் மதிலுக்குள் ஆடி வீதி. அதற்கு வெளியே சித்திரை, ஆவணி மூலம், மாசி, கடைசியாக வெளி வீதி. ஒவ்வொன்றுக்கும் கீழ, மேல, தெற்கு, வடக்கு என்று நான்கு பக்கம். 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தபோது பிறந்ததுதான் வெளி வீதி. பழைய ஊரின் எல்லை இன்றைக்கும் அதுதான். டவுன் பஸ்களின் பெரும்பாதையும் அதுவே.

பெயர்ப் பலகையின் முதல் சொல் நீங்கள் கோயிலுக்கு எந்தத் திசையில் நிற்கிறீர்கள் என்று சொல்லும். இரண்டாவது சொல் எவ்வளவு தள்ளி நிற்கிறீர்கள் என்று சொல்லும். 'தெற்கு மாசி வீதி' என்று கண்டால் கோயில் உங்களுக்கு வடக்கே. ஆவணி மூல வீதியைத் தாண்டினால் சித்திரை வீதி. ஒரு குழப்பத்துக்கு மட்டும் தயாராக இருங்கள். சித்திரைத் தேர் ஓடுவது சித்திரை வீதியில் அல்ல, மாசி வீதியில். முன்பு மாசியில் நடந்த விழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார். விழா மாறியது, தெருப் பெயர் மாறவில்லை.

எந்த பஸ் ஸ்டாண்ட்?

வெளியூர்க்காரர் அதிகம் ஏமாறுவது இதில்தான். மதுரையில் 'பஸ் ஸ்டாண்ட்' என்று பொதுவாகச் சொன்னால் எதுவும் விளங்காது. மூன்று பெயர்களை நினைவில் வையுங்கள்.

மாட்டுத்தாவணி: வைகைக்கு வடக்கே, ஊரின் வடகிழக்கில். சென்னை, திருச்சி, தஞ்சாவூர், ராமநாதபுரம், திருநெல்வேலி, நாகர்கோவில் பஸ்கள் இங்கே.

ஆரப்பாளையம்: மேற்கே. கொடைக்கானல், திண்டுக்கல், தேனி, பழனி, கோவை, ஈரோடு பஸ்கள் இங்கே.

பெரியார்: ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், மேல வெளி வீதியை ஒட்டி. டவுன் பஸ்களின் தாய்வீடு.

என் அத்தை மகன் ஒருமுறை கொடைக்கானல் போக விடியற்காலையில் மாட்டுத்தாவணியில் போய் நின்றான். ஊரைக் குறுக்கே கடந்து ஆரப்பாளையம் சேர்வதற்குள் ஏற வேண்டிய பஸ் போய்விட்டது. திரும்பும் ஊருக்கு எங்கே பஸ் ஏற வேண்டும் என்பதை வந்து இறங்கிய அன்றே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் மாட்டுத்தாவணியில் இறங்கினால் ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். அவர்களைக் கடந்து டவுன் பஸ் நிற்கும் பக்கம் போனால், பெரியாருக்கு அடுத்தடுத்து வண்டி இருக்கும். ஏறுமுன் "சிம்மக்கல் வழியா?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால் பெரியார் வரை போக வேண்டியதில்லை. சிம்மக்கல்லில் இறங்கித் தெற்கே நடந்தால் வடக்குக் கோபுரம்.

பஸ்ஸில் ஏறியபின்

எண்ணை நம்புவதைவிட வாயை நம்புங்கள். ஒரே எண்ணோடு ஓர் எழுத்து சேர்ந்தாலே பாதை மாறிவிடும். போக வேண்டிய இடத்தைக் கண்டக்டரிடம் சொல்லி, "வந்தா சொல்லுங்கண்ணே" என்று ஒரு வார்த்தை போட்டுவைத்தால் போதும். அவர் மறந்தாலும் பக்கத்துச் சீட்டு அக்கா மறக்க மாட்டார். சில்லறை கையில் இருக்கட்டும்.

சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. ஆனாலும் கண்டக்டர் தரும் கட்டணமில்லாச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கூடுதல் கட்டண வண்டிகளில் இந்தச் சலுகை இல்லை. எந்த வகை வண்டி என்று முன்கண்ணாடியில் பார்த்துவிட்டு ஏறுங்கள்.

கீழே இறங்கி வழி கேட்டால் "அங்கிட்டுப் போயி, சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க" என்பார்கள். சோத்தாங்கை வலது, பீச்சாங்கை இடது. தூரத்தை மட்டும் இன்னொருவரிடமும் கேட்டுவிடுங்கள். மதுரைக்காரருக்கு எல்லா இடமும் "இந்தா, பக்கத்துலதான்".

நடை சாத்தும் நேரம்

மீனாட்சியம்மன் கோயில் பகல் 12.30 மணிக்குச் சாத்தி, மாலை 4 மணிக்குத் திறக்கும். பன்னிரண்டு மணிக்கு அவதி அவதியாக ஓடி வருகிறவர்கள் கோபுரத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். காலையில் கோயில், பகலில் மற்ற இடங்கள் என்று பிரித்துக்கொள்வதே நல்லது.

உள்ளே செல்போன் கொண்டுபோக முடியாது. அதனால் குடும்பத்தோடு வந்தால், பிரிந்துவிட்டால் எந்தக் கோபுர வாசலில் சந்திப்பது என்று வெளியிலேயே பேசிக்கொள்ளுங்கள். செருப்பு விட்ட வாசலிலேயே திரும்பி வெளியே வாருங்கள். கிழக்கில் விட்டுவிட்டு மேற்கே வந்தால், உச்சி வெயிலில் சித்திரை வீதிக் கல்லில் வெறுங்காலோடு பாதிச் சுற்று! ஒருமுறை அப்படி ஓடியிருக்கிறேன். நிழல் தேடித் தேடித் தாவ வேண்டியிருந்தது.

பகலில் விளக்குத்தூண், பத்துத்தூண் வழியாக 1636இல் கட்டிய நாயக்கர் மகாலுக்கு நடந்தே போகலாம். விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜிகர்தண்டா குடித்தால் வெயில் பாதி தணியும். காந்தி மியூசியம் வைகைக்கு அக்கரையில், ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் இருக்கிறது. அதற்கு பஸ் வேண்டும். அங்கே மதியச் சாப்பாட்டு இடைவேளை உண்டு என்பதால் இரண்டு மணிக்குமேல் போங்கள்.

ஊருக்கு வெளியே

திருப்பரங்குன்றம் எட்டு கிலோமீட்டர். பெரியாரிலிருந்து பஸ்ஸுக்குக் காத்திருக்கவே வேண்டாம். அழகர்கோவில் இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். பழமுதிர்சோலைக்கு அங்கிருந்து இன்னும் மலையேற வேண்டும், அரைநாள் ஒதுக்குங்கள். 2023இல் திறந்த கீழடி அருங்காட்சியகம் மானாமதுரை சாலைப் பக்கம், அந்தப் பாதை பஸ்ஸில் ஏறுமுன் "கீழடி நிக்குமா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றையும் ஒரே நாளில் பார்க்க நினைத்தால் பஸ் உதவாது, கார்தான்.

ஷேர் ஆட்டோவில் ஏறுமுன் கட்டணத்தைப் பேசிவிடுங்கள். இரவு பத்துக்குமேல் டவுன் பஸ் குறைந்துவிடும். சித்திரைத் திருவிழாவில், அதுவும் அழகர் ஆற்றில் இறங்கும் நாளில், மேலே சொன்ன பாதைகள் எதுவும் செல்லாது. பஸ்கள் சுற்றுப்பாதையில் போகும், பாலங்களில் கூட்டம் நெரியும். அன்றைக்கு முழுக்க நடக்கத் தயாராக வாருங்கள்.

மற்ற நாட்களில் வழி தவறினால் போனை எடுக்காமல் அண்ணாந்து அருகிலிருக்கும் கடையின் பெயர்ப் பலகையைப் பாருங்கள். முகவரியில் 'கீழ ஆவணி மூல வீதி' என்றிருந்தால் கோயில் மேற்கே, இரண்டே நிமிட நடை. இனி ஆட்டோவுக்கு எவ்வளவு என்று எனக்குப் போன் போட வேண்டியிருக்காது.