வேடந்தாங்கல்: ஐந்து மணிக்கு ஏரிக்கரையில் இருங்கள்

கிளம்புவதற்கு முன் ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். நான் ஒருமுறை விசாரிக்காமல் போய், பாளம் பாளமாக வெடித்த தரையையும் நாலு மாடுகளையும் பார்த்துவிட்டுத் திரும்பினேன். வடகிழக்குப் பருவமழை பெய்து ஏரி நிரம்பினால்தான் பறவைகள் கூடு கட்டும். நல்ல மழை பெய்த ஆண்டென்றால் நவம்பர் முதல் மார்ச் வரை போகலாம். கூட்டில் குஞ்சுகளைப் பார்க்க ஜனவரி, பிப்ரவரிதான் சரி. காணும் பொங்கலன்று மட்டும் வேண்டாம். பறவைகளைவிட மனிதத் தலைகளே அதிகம் தெரியும்.

சென்னையிலிருந்து சுமார் எண்பது கிலோமீட்டர். ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டைத் தாண்டி, படாளம் கூட்டு ரோட்டில் வலப்பக்கம் திரும்ப வேண்டும். பஸ்ஸில் வருபவர்கள் செங்கல்பட்டிலோ மதுராந்தகத்திலோ மாறிக்கொள்ளலாம். சாப்பாட்டை நெடுஞ்சாலையிலேயே முடித்துவிடுங்கள். பைனாகுலர் இருந்தால் கையோடு கொண்டுபோங்கள்.

விடியற்காலை நல்ல நேரம்தான். ஆனாலும் என் ஓட்டு மாலைக்கு. நாலரைக்குக் கரையேறி, கூட்டம் மொய்க்கும் இடத்தைத் தாண்டிக் கொஞ்சம் நடந்து, ஓரிடத்தில் நின்றுவிடுங்கள். தண்ணீருக்குள் இடுப்பளவு மூழ்கி நிற்கும் நீர்க்கடம்பு மரங்கள் எச்சத்தால் சுண்ணாம்பு அடித்ததுபோல் இருக்கும். ஒரே மரத்தில் நீர்க்காகம், வக்கா, கரண்டிவாயன், நாரை என்று மாடி மாடியாகக் குடித்தனம். ஐந்து மணிக்கு மேல் இரை தேடப் போனவை கூட்டம் கூட்டமாகத் திரும்பும். காது அடைக்கும் சத்தம், காற்று திரும்பினால் மீன்வாடை.

நத்தைகுத்தி நாரையை மட்டும் நிதானமாகப் பாருங்கள். அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும், சரியாக மூடாத பாக்குவெட்டி மாதிரி. வயலில் நத்தை பிடித்துத் தின்ன வாகான அலகு. குஞ்சுகளுக்கு அந்த இடைவெளி இருக்காது. வளர வளரத்தான் வரும். 'எல்லாம் சைபீரியாவிலிருந்து வந்தவை' என்று பக்கத்தில் யாராவது குழந்தைக்குச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். இங்கே கூடு கட்டுபவை பெரும்பாலும் நம் நாட்டுப் பறவைகளே. ஊசிவால் வாத்து, நீலச்சிறகி போன்றவைதான் குளிர்காலத்தைக் கழிக்க வடக்கிலிருந்து வரும் விருந்தாளிகள்.

ஏரி சிறியதுதான், சுமார் 30 ஹெக்டேர். தாங்கல் என்றாலே சிறிய ஏரி; பாசனத்துக்கு வெட்டியது. எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரமாகப் பாய்வதை ஊர்க்காரர்கள் தலைமுறைகளாக அறிவார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது கலெக்டரிடம் முறையிட்டு, 1798-ல் பாதுகாப்புக்குக் கவுல், அதாவது எழுத்துமூல உத்தரவு, வாங்கியவர்கள் இவர்கள். 2022-ல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் ஏரி சேர்ந்தது அதற்கெல்லாம் வெகு பிந்திய கதை. தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காத ஊர் இது. நீங்களும் காரில் பாட்டை நிறுத்திவிட்டே ஊருக்குள் நுழையுங்கள்.

கவுல் கொடுத்த அந்தக் கலெக்டர் லயோனல் பிளேஸ் துரையை மதுராந்தகத்திலும் சந்திக்கலாம். உடையவிருந்த அவ்வூர் ஏரிக்கரையை ராமரும் லட்சுமணரும் இரவில் காவல் காத்ததை அவர் கண்டதாக ஏரி காத்த ராமர் கோயிலின் கதை சொல்கிறது. தாயார் சந்நிதியில் அவர் பெயர் கல்லில் இருக்கிறது. காலையில் கோயில், மாலையில் ஏரி என்று வைத்துக்கொண்டால் நாள் சரியாக இருக்கும்.

நடுவில் நேரம் மிஞ்சினால் கரிக்கிலிக்கு ஒரு நடை போய் வாருங்கள். அதுவும் சரணாலயம்தான், கூட்டம் குறைவு, வாத்துகளைப் பார்க்கத் தோதான இடம்.

திரும்பும்போது இருட்டிவிடும். தை மாதம் அறுவடைக் காலம். பின்விளக்கு இல்லாமல் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் எந்த வளைவிலும் நிற்கலாம். படாளம் வரும்வரை மெதுவாகவே ஓட்டுங்கள்.