சமூகப்பணியில் முதுநிலைக் கல்வி: களப்பணியே உரைகல்

தொண்டு செய்ய நல்ல மனம் ஒன்று போதாதா? அதற்கும் ஒரு முதுநிலைப் பட்டம் வேண்டுமா? சமூகப்பணிக் கல்வியைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் கேட்கப்படும் வினா இது. இரக்கம் மனத்தில் பிறப்பது என்பதில் ஐயமில்லை. ஆனால், அந்த இரக்கம் துன்புறுவோரின் தன்மானத்திற்கு ஊறு நேராமல் அவரைச் சென்றடைவதற்கு முறை வேண்டும், பயிற்சி வேண்டும். அப்பயிற்சி எத்தகையது, அதன் உயிர்நிலை எது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோற்றமும் வளர்ச்சியும்

நம் நாட்டில் சமூகப்பணிக் கல்வி 1936ஆம் ஆண்டில் பம்பாயில் தொடங்கியது. சர் தோராப்ஜி டாட்டாவின் பெயரால் அமைந்த அறக்கட்டளையின் ஆதரவுடன் ஒரு முதுநிலைப் பள்ளி நிறுவப்பட்டது. அமெரிக்கரான கிளிஃபோர்டு மன்ஷார்ட் அதன் முதல் இயக்குநராகப் பொறுப்பேற்றார். தொழிலாளர் செறிந்து வாழ்ந்த நாக்பாடா பகுதியில் அவர் ஏற்கெனவே நடத்திவந்த சமுதாய நல மனையிலேயே வகுப்புகள் தொடங்கப்பெற்றன. மக்கள் வாழும் தெருவிலேயே வகுப்பறை அமைந்தது என்பது இக்கல்வியின் இயல்பை அன்றே உணர்த்தியது எனலாம். இப்பள்ளியே 1944ஆம் ஆண்டில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் என்னும் பெயர் பெற்று, 1964இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது.

1946ஆம் ஆண்டில் இளம் பெண்கள் கிறித்தவச் சங்கத்தின் முயற்சியால் லக்னோவில் ஒரு பள்ளி தோன்றி, மறு ஆண்டே தில்லிக்கு மாறியது. காசி, பரோடா ஆகிய இடங்களிலும் இக்கல்வி வேரூன்றியது. திருமதி மேரி கிளப்வாலா ஜாதவின் முயற்சியால் 1952இல் சென்னையில் சமூகப்பணிப் பள்ளி தொடங்கப்பட்டது. இன்று பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் பெருமளவில் எம்.எஸ்.டபிள்யூ. பட்டப்படிப்பை நடத்துகின்றன.

என்ன கற்பிக்கிறார்கள்?

பொதுவாக, எந்தத் துறையில் இளநிலைப் பட்டம் பெற்றவரும் இவ்விரண்டு ஆண்டுப் படிப்பில் சேரலாம். சமூகவியல், உளவியல், பொருளாதாரம், சமூகச் சட்டங்கள் ஆகியவை அடிப்படைப் பாடங்களாக அமைகின்றன. தனியாள் பணி, குழுப்பணி, சமுதாய ஒருங்கமைப்பு, சமூகநல நிர்வாகம், சமூகப்பணி ஆராய்ச்சி, சமூகச் செயல்முறை ஆகிய ஆறும் இத்தொழிலின் முறைகளாகப் பயிற்றுவிக்கப்படுகின்றன. குடும்பம் மற்றும் குழந்தைகள் நலம், மருத்துவ மற்றும் மனநலச் சமூகப்பணி, சமுதாய வளர்ச்சி, குற்றவியலும் சீர்திருத்தமும், தொழிலாளர் நலம் போன்றவற்றுள் ஒன்றை மாணவர் சிறப்புப் பாடமாகத் தேர்ந்தெடுக்கலாம்.

இவை அனைத்தும் நூல்களில் உள்ளவை. நூலில் இல்லாத பகுதி ஒன்று உண்டு. அதுவே களப்பணி. மாணவர் வழக்கமாக வாரத்தில் இரண்டு நாட்கள் மருத்துவமனை, குழந்தைகள் இல்லம், குடிசைப் பகுதி, சிற்றூர் என ஏதேனும் ஓரிடத்தில் மேற்பார்வையாளரின் வழிகாட்டுதலில் பணியாற்ற வேண்டும். ஊரக முகாமும், படிப்பின் முடிவில் தொடர்ந்து சில வாரங்கள் ஒரே நிறுவனத்தில் பெறும் பயிற்சியும் பெரும்பாலான பள்ளிகளில் உண்டு.

ஓர் எடுத்துக்காட்டு

களப்பணி மாணவருக்கு எதைக் கற்பிக்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். காசநோய்க்கு மருந்துண்ணும் ஒரு கட்டடத் தொழிலாளியை மனத்தில் கொள்வோம். வழக்கமான சிகிச்சை ஆறு மாதங்களுக்கு நீடிப்பது. இரண்டாம் மாதத்தில் இருமல் தணிகிறது. அவர் மருந்து வாங்க வருவதை நிறுத்திவிடுகிறார். "நோயாளி ஒத்துழைக்கவில்லை" என்று மருந்தகப் பதிவேட்டில் எழுதப்படுகிறது. களப்பணிக்கு வந்த மாணவரும் தம் முதல் அறிக்கையில் அதையே எழுதுகிறார். மேற்பார்வையாளர் அவ்வரியின் ஓரத்தில், "இது யாருடைய சொல்?" என்று குறித்துத் திருப்பித் தருகிறார்.

மாணவர் அத்தொழிலாளியின் வீட்டைத் தேடிச் செல்கிறார். மருந்தகம் திறக்கும் நேரமும் கூலிக்கு ஆள் எடுக்கும் நேரமும் ஒன்றாக இருப்பது தெரியவருகிறது. நோய் வெளியே தெரிந்தால் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வார் என்ற அச்சமும் அக்குடும்பத்தை வாட்டுகிறது. காசநோயாளிகளின் ஊட்டத்திற்காக 2018ஆம் ஆண்டு முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயும் வழங்கும் நிக்ஷய் போஷண் திட்டத்தில் அவர் பெயர் இருக்கிறது. ஆனால் வங்கிக் கணக்கு இயங்காமல் முடங்கிக் கிடக்கிறது.

இங்கு வேண்டுவது அறிவுரை அன்று. மருந்து வாங்கும் நேரத்தை மாற்ற மருந்தகத்துடன் பேச வேண்டும்; வங்கிக் கணக்கை மீண்டும் இயங்கச் செய்ய வேண்டும். மருத்துவமனை அடையாளத்தோடு வீட்டு வாசலில் போய் நின்றால் அவர் மறைத்துவைத்ததை ஊரறியச் செய்துவிடுவோம் என்பதையும் உணர வேண்டும். தம்மால் நிறைவேற்ற இயலாத எதையும் வாக்களிக்கக் கூடாது; முடிவெடுக்கும் உரிமை அவருக்கே உண்டு என்பதை மறக்கவும் கூடாது. இரகசியம் காத்தல், தாமே முடிவெடுக்கும் உரிமை ஆகிய கோட்பாடுகளைத் தேர்வுத்தாளில் அரைப்பக்கத்தில் எழுதிவிடலாம். அந்த வாசலில் நின்றபோதுதான் அவற்றின் பொருள் விளங்கும்.

பொருளாதாரம் பயின்று அரசுப் பணிக்கு வந்த என் போன்றோர், ஒரு திட்டத்தை ஒதுக்கீடு, செலவு, பயனாளிகளின் எண்ணிக்கை என்னும் மூன்று பத்திகளில் பார்த்துப் பழகியவர்கள். பட்டியலில் பெயர் இருந்தும் பயன் சென்றடையாதவர் ஏன் விடுபட்டார் என்பதற்கு எங்கள் படிவங்களில் பத்தி இல்லை. அந்த நான்காவது பத்தியை நிரப்பக் கற்றவரே சமூகப்பணியாளர்.

சட்டமும் தகுதியும்

இப்படிப்பின் வளர்ச்சிக்குச் சட்டங்களும் காரணமாயின. 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் பணிபுரியும் தொழிற்சாலைகளில் நல அலுவலர் இருத்தல் வேண்டும் என 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வகுத்தது. தொழிலாளர் நலப் பிரிவில் மாணவர் நாட்டம் பெருகியதற்கு இது ஒரு முக்கிய காரணம். 2020ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அவ்வெண்ணிக்கையை 250 ஆகக் குறைத்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநலச் சமூகப்பணியாளர் யார் என்பதற்குச் சமூகப்பணி முதுநிலைப் பட்டத்தையும் அதன்மேல் இரண்டாண்டு முழுநேர உயர் பயிற்சியையும் அடிப்படையாகக் கொண்டு இலக்கணம் கூறுகிறது. மருத்துவச் சமூகப்பணியாளரும் மனநலச் சமூகப்பணியாளரும் 2021ஆம் ஆண்டின் துணைநிலை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் இடம் பெற்றுள்ளனர்.

எனினும் எல்லாத் துறைகளிலும் நிலைமை இதுவன்று. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், ஒவ்வொரு நீதிக் குழுமத்திலும் நடுவருடன் இரண்டு சமூகப்பணியாளர் இருக்க வேண்டும் என்கிறது. அவருள் ஒருவரேனும் பெண்ணாக இருத்தல் வேண்டும். குழந்தைகள் தொடர்பான உடல்நலம், கல்வி, நலப்பணி ஆகியவற்றில் 7 ஆண்டு ஈடுபாடு, அல்லது குழந்தை உளவியல், மனநல மருத்துவம், சமூகவியல், சட்டம் ஆகியவற்றுள் ஒன்றில் பட்டம் பெற்றுத் தொழில் நடத்துதல் அவ்வுறுப்பினருக்குரிய தகுதியாகும். சமூகப்பணிப் பட்டம் அவ்வரிசையில் இல்லை. அனுபவத்திற்கு மதிப்பளிப்பது முறையே. ஆயினும், பதவியின் பெயர் சமூகப்பணியாளர் என்றிருக்க, அத்தொழிலுக்கென அமைந்த கல்வி குறிப்பிடப்படாதது சிந்தனைக்குரியது. பட்டம் பெற்றவர் அனைவரும் உரிய பயிற்சி பெற்றவரே என்னும் நம்பிக்கை பிறந்தாலன்றி இக்குறை நீங்காது.

மாணவரும் அதிகாரிகளும்

ஆகவே, இப்படிப்பில் சேர விரும்பும் மாணவர் கட்டடத்தையும் வேலைவாய்ப்பு விளம்பரத்தையும் மட்டும் பார்த்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தல் கூடாது. வாரத்தில் எத்தனை மணி நேரம் களப்பணி? ஒரு மேற்பார்வையாளரிடம் எத்தனை மாணவர்? அறிக்கையைப் படித்துத் தனித்தனியே கலந்துரையாடுகிறாரா, கையொப்பம் மட்டும் இடுகிறாரா? இம்மூன்று வினாக்களையும் அங்கு முன்னரே பயின்றவரிடம் கேட்டறிதல் நன்று. தொலைநிலைக் கல்வியில் பயில்வோர் இதில் இரு மடங்கு கவனம் செலுத்த வேண்டும்.

பணியமர்த்தும் அதிகாரிகளுக்கும் பொறுப்பு உண்டு. நேர்முகத் தேர்வில் மதிப்பெண் பட்டியலுடன் களப்பணிப் பதிவேட்டையும் கேட்டுப் பார்த்தல் வேண்டும். தாம் தவறிய ஒரு நிகழ்ச்சியை மாணவர் நேர்மையாக விளக்க முடிந்தால், அது பல சான்றிதழ்களுக்கு ஈடாகும். பயிற்சி மாணவரை அலுவலகக் கோப்புகளை அடுக்கவும் கூட்டங்களுக்கு ஆள் திரட்டவும் பயன்படுத்தும் வழக்கத்தையும் நிறுவனங்கள் கைவிடல் வேண்டும்.

பயிற்சியில்லாப் பொறியாளர் கட்டிய பாலம் இடிந்தால் ஊரே அறியும். பயிற்சியில்லாச் சமூகப்பணியாளரின் தவறோ ஒரு குடும்பத்திற்குள்ளேயே புதைந்துவிடும்; மருந்தை நிறுத்தியவர் மீண்டும் நோயுற்றுப் படுக்கும்போதும், "ஒத்துழைக்கவில்லை" என்னும் சொல்லே ஏட்டில் நிற்கும். அச்சொல்லை எழுதும் முன் வீடுவரை சென்று பார்க்கும் பழக்கத்தை இரண்டு ஆண்டுகளில் ஊட்ட முடிந்தால், அக்கல்வி தன் கடமையைச் செய்தது எனலாம்.